வெயிலும் நிழலும் ஒரே பெட்டிக்குள்: பாம்புக்குட்டி வாங்கிய தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் வாழும் அன்பான தமிழ்ப் பெற்றோரே,

உங்களில் சிலர் அண்மையில் ஒரு பாம்புக்குட்டியை வீட்டுக்குள் அனுமதித்திருக்கிறீர்கள். பிள்ளை மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கும், நீங்களும் மாதக்கணக்கில் மறுத்திருப்பீர்கள். நாயென்றால் மழையிலும் வெளியே கூட்டிப்போக வேண்டும், பூனையென்றால் உரோமம் கொட்டும், இது சத்தமும் போடாது என்று பிள்ளை வாதாடி வென்றிருக்கும். கார்ன் ஸ்நேக் எனப்படும் சோளப்பாம்பின் குட்டி இப்போது உங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பென்சில் தடிப்பு, ஓரடி நீளம், செம்மஞ்சள் உடலில் சிவந்த திட்டுகள். அந்தச் சின்ன உயிருக்காகத்தான் இந்த மடல்.

இதைப் பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பாம்பு என்ன தின்னும், எப்போது சட்டை உரிக்கும், எந்த நிறத்துக்கு என்ன பெயர் என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெட்டியை எந்த அறையில் வைப்பது, இரவில் எந்தச் சுவிட்சை அணைப்பது, எவ்வளவு பணம் செலவழிப்பது என்று முடிவெடுப்பவர்கள் நீங்கள். குட்டி பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் இந்த மூன்று முடிவுகளில்தான் தங்கியிருக்கிறது.

நானும் ஒரு தாய். எங்கள் வீட்டிலும் சோளப்பாம்பு வளர்கிறது. பழக்கமான குடும்பங்கள் அழைத்தால் போய், பெட்டியைப் பார்த்து, சரிசெய்து கொடுப்பேன். அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: "பாம்பு சாப்பிடுதில்லை, வந்து ஒருக்கால் பாருங்கோ." போய்ப் பார்த்தால், வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் பெட்டி இருக்கும். கராஜில், படிக்கட்டுக்குக் கீழே, அல்லது வெப்பமூட்டியை யாரும் திருகாத பாக்ஸ் ரூமில்.

ஏன் அங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கோயிலில் நாகத்தைக் கும்பிடுவோம், ஆனால் படுக்கையறைப் பக்கம் பாம்பு என்றால் அடிவயிறு கலங்கும். நாகமும் புடையனும் திரிந்த காணிகளில் அந்தப் பயம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த விலங்குக்கு நஞ்சு இல்லை. நம் ஊர்ச் சாரை சேர்ந்திருக்கும் கொலுப்ரிடே குடும்பத்தில்தான் இதுவும் சேர்கிறது. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். குட்டி கடித்தால் தோலில் ஒரு கீறல்கூட விழாமல் போகலாம். நீங்கள் பயந்து அதைத் தள்ளி வைக்கும் தூரம் உங்களுக்கு நிம்மதி தரும், அதற்கோ குளிரைத்தான் தரும். குளிர் அந்த உடலை என்ன செய்யும் என்று விளங்கிக்கொண்டால் நீங்களே பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுவருவீர்கள்.

எங்கள் உடம்பு உண்ட உணவை எரித்துத் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே 37 பாகை செல்சியஸ். பாம்பின் உடலால் அப்படிச் செய்ய முடியாது. அறை 16 பாகை என்றால் சிறிது நேரத்தில் பாம்பும் 16 பாகைதான். போர்வையால் பெட்டியை மூடினாலும் பயனில்லை. உள்ளே சூடு பிறந்தால்தானே போர்வை அதைக் காக்கும்?

சூடு குறைந்தால் அந்த உடலுக்குள் எல்லாம் மந்தமாகிவிடும். தசை மெதுவாக இயங்கும், நோயை எதிர்க்கும் வலு குறையும், இரைப்பையில் செரிமானம் தேங்கும். 1979இல் கிரீன்வால்டு, காண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் சோளப்பாம்புகளை வைத்தே இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். உடல் வெப்பம் உயர உயரச் செரிமானம் விரைவதை அவர்கள் அளந்து காட்டினார்கள். பாம்பு எலியை முழுதாக விழுங்குகிறது. மென்று அரைக்கும் வேலை எதுவும் வாயில் நடப்பதில்லை, முழு எலியையும் வயிறுதான் கரைத்தாக வேண்டும். வயிறு குளிர்ந்து கிடந்தால் உள்ளே போன இறைச்சி செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். வளர்ந்த பாம்பு ஒருமுறை கக்கினால் தேறிவிடும். எட்டுக் கிராம்கூட இல்லாத குட்டிக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை நடந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சாப்பிடாத குட்டியை முதலில் நோயாளி என்று எண்ண வேண்டாம். "குளிரில் கிடக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி.

இந்த இடத்தில் அப்பாமார் பலர் என்னிடம் ஒன்று கேட்பார்கள்: "ஊரில் எந்தப் பாம்புக்கு நாங்கள் ஹீட்டர் வைத்தோம்?" நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டியது. ஒரு சோளப்பாம்பு தேடும் சூடும் ஏறத்தாழ அதுதான். ஊரில் அந்த வேலையை வெயிலே செய்தது. இங்கே, ஹீட்டிங் ஓடும் வரவேற்பறைகூட 19, 20 பாகையில்தான் இருக்கும். இரவில் அணைத்தால் 15, 16க்கு இறங்கும். ஊரிலிருந்து முதன்முதலாக இங்கு வந்த அம்மம்மா ஒரு கார்த்திகை மாதத்தில் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்காவது உடலுக்குள் ஓர் அடுப்பு எரிந்தது.

வேறு சிலர், அமெரிக்காவிலும் பனி பெய்கிறதே என்பார்கள். அதுவும் உண்மை. சோளப்பாம்பின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்கு. வடக்கே நியூ ஜெர்சியின் பைன் காடுகளில் தொடங்கித் தெற்கே புளோரிடாவின் கடைக்கோடித் தீவுகள் வரை அது வாழ்கிறது. பைன் காடு, வயலோரம், கைவிடப்பட்ட கட்டடம், தானியக் களஞ்சியம் என்று எலி திரியும் இடமெல்லாம் அதற்குச் சொந்தம். அதன் வட எல்லையில் குளிர்காலம் கடுமையானது. ஆனால் அங்கே பாம்பு வெறும் வயிற்றோடு, பழைய மரவேர்க் குழிகளிலும் நிலத்தின் வெடிப்புகளிலும் உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கி, வசந்தம் வரை அடங்கிக் கிடக்கும். உங்கள் கராஜில் நடப்பது வேறு. அங்கே குட்டிக்குக் கிழமைதோறும் எலி கொடுக்கிறோம், அதைச் செரிக்கத் தேவையான சூட்டைக் கொடுப்பதில்லை. முழு உறக்கமுமின்றி முழு விழிப்புமின்றி, வயிறு நிறைந்த நிலையில் 16 பாகையில் கிடப்பது எந்தக் காட்டிலும் ஒரு பாம்பு தானாகத் தேடிப்போகும் நிலை அல்ல.

அப்படியானால் பெட்டி முழுவதையும் 30 பாகைக்குச் சூடாக்கிவிடலாமா? வேண்டவே வேண்டாம். இந்த மடலில் ஒரேயொரு செய்தியை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்களானால் அது இதுவாக இருக்கட்டும்: பாம்புக்கு வேண்டியது ஒரு சூடு அல்ல, சூட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. காட்டில் அது ஒரு நாளில் பல முறை இடம் மாறுகிறது. இரை விழுங்கியதும் சூடான மரப்பட்டைக்குக் கீழே போகிறது. செரித்து முடிந்தால் குளிர்ந்த இலைச் சருகுக்குள் நுழைகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு சூடு வேண்டும் என்பது அதற்கு மட்டுமே தெரியும், உங்களுக்கோ எனக்கோ தெரியாது. ஆகவே எங்கள் கடமை, பெட்டியின் ஒரு முனையை வெயிலாகவும் மறுமுனையை நிழலாகவும் வைத்து, இடையில் அது தாராளமாகப் போய்வர வழி விடுவது.

அளவுகளைச் சொல்கிறேன், எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். சூடான முனையில் காற்று 28 முதல் 30 பாகை. அங்கே பாம்பு படுக்கும் பரப்பு 30 முதல் 32 பாகை. குளிர்ந்த முனை 22 முதல் 24 பாகை. இரவில் சற்று இறங்கலாம், 20 பாகைக்குக் கீழே விட வேண்டாம். எந்த நேரத்திலும் எந்த மூலையும் 34 பாகையைத் தாண்டக் கூடாது.

இனிக் கருவிகள். குட்டிக்குப் பொதுவாக வாங்குவது ஹீட் மேட். தாள் போல மெல்லிய மின்விரிப்பு அது. பெட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், ஒரு முனையில், அது மூட வேண்டும். நடுவில் போட்டால் இரு முனைகளும் ஒரே மாதிரி ஆகிவிடும், தேர்வு போய்விடும். கண்ணாடி, பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு வெளியே அடியில் வைத்து, சூடு அடைபடாமல் இருக்கச் சிறு இடைவெளி விடுங்கள். மரப்பெட்டியென்றால் சூடு மரத்தைத் தாண்டி வராது, உள்ளேயே பொருத்த வேண்டும். அதன் மேல் பரப்பும் மரச்சீவல் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த அடுக்கு மேலே சூட்டை விடாமல் கீழே தேக்கிவிடும்.

அந்த மேட்டோடு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இதில் எந்தச் சலுகையும் கிடையாது. தெர்மோஸ்டாட் இல்லாமல் சுவரில் செருகிய மேட் 40 பாகையைத் தாண்டிப் போகக்கூடும். சுட்டால் பாம்பு விலகிவிடும் என்று நம்பாதீர்கள். சூடு அதற்குப் பெரும்பாலும் மேலேயிருந்து, வெயிலிலிருந்து வந்து பழக்கம். கீழிருந்து சுடும் தரையில் அடிவயிறு வெந்துகொண்டிருக்கும்போதே அது அசையாமல் கிடக்கக்கூடும். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்களிடம் இத்தகைய தீப்புண்களோடு பாம்புகள் வருவது வழக்கமான ஒன்று. ஹீட் ராக் என்ற பெயரில் விற்கும் சூடான கல்லும் இதே காரணத்தால் வேண்டாம்.

ஒரு வீட்டில் நான் பார்த்த ஸ்டார்ட்டர் கிட்டில் மேட் இருந்தது, கிண்ணம் இருந்தது, அலங்காரச் செடிகூட இருந்தது. தெர்மோஸ்டாட் மட்டும் இல்லை. வாங்கும்போது கிட்டுக்குள் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல கடைகளில் மேட்டை விடத் தெர்மோஸ்டாட்டின் விலை கூடுதல். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பாம்பையே வாங்காமல் இருப்பது நல்லது.

தெர்மோஸ்டாட்டின் உணரியை மேட்டுக்கு நேர் மேலே, பாம்பு படுக்கும் பரப்பில், அசையாதபடி பொருத்துங்கள். அது இடம் பெயர்ந்து குளிர்ந்த முனைக்குப் போய்விட்டால், குளிராக இருக்கிறது என்று எண்ணி மேட்டை எரிய விட்டுக்கொண்டே இருக்கும். அதன் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், இரு முனைகளிலும் ஒவ்வொரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மோமீட்டர் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், தரையின் சூட்டைச் சொல்லாது.

மேட்டுக்கு ஒரு குறை உண்டு. அது தொடும் இடத்தைச் சூடாக்கும், காற்றைப் பெரிதாகச் சூடாக்காது. அறை 20 பாகைக்குக் கீழே போகும் வீடென்றால் மேட் மட்டும் போதாது. மேலேயிருந்து சூடு தரும் செராமிக் ஹீட்டரோ டீப் ஹீட் புரொஜெக்டரோ வேண்டும். இவை வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருவதால் இரவிலும் இயங்கலாம். அவற்றுக்குரிய வகைத் தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்குங்கள். மேட்டுக்கான எளிய வகை இவற்றுக்குப் பொருந்தாது. சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு கட்டாயம். சோளப்பாம்பு நன்றாக ஏறும், ஏறிப் போய்ச் சூடான ஹீட்டரையே சுற்றிக்கொள்ளும்.

மின்கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. இரவில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எங்களிடம் ஊறியது. நல்ல பழக்கம்தான். ஆனால் 14 வாட் மேட் ஒன்று நாள் முழுதும் இடைவிடாமல் எரிந்தாலும் மூன்றில் ஒரு பங்கு யூனிட்தான் செலவாகும். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு இயக்குவதால் அதிலும் குறையும். இந்தச் சிறு செலவை மிச்சம் பிடிக்கப்போய், விடியும்வரை அந்தக் குட்டியின் வயிற்றைக் குளிரவிட வேண்டாம். அந்தச் சுவிட்சின் மேல் ஒரு நாடாவை ஒட்டி, "அணைக்க வேண்டாம்" என்று தமிழிலேயே எழுதிவையுங்கள். வீட்டுக்கு வரும் பெரியவர்களும் படிப்பார்கள்.

வெயிலையும் நிழலையும் உண்டாக்கிவிட்டீர்கள். ஆனால் நடுவில் ஒரு வெட்டவெளி இருக்கிறதே, அதைக் கடக்கக் குட்டிக்குத் துணிச்சல் வேண்டும். காட்டில் பருந்து முதல் பெரிய பாம்பு வரை எல்லாவற்றுக்கும் அது இரை. மறைவு இல்லாத இடத்தில் நிற்பதென்றால் அதற்குச் சாவைத் தேடிப்போவதுதான். பெட்டியில் ஒரேயொரு மறைவிடம், அதுவும் சூடான முனையில் மட்டும் இருந்தால், உடல் கொதித்தாலும் குட்டி அதை விட்டு வராது. குளிர்ந்த முனையில் மட்டும் இருந்தால் அங்கேயே விறைத்துக் கிடக்கும். பாதுகாப்பா சூடா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அதைத் தள்ளிவிடுகிறோம். ஆகவே இரு முனைகளிலும் ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். உடல் சுவரோடு ஒட்டும்படி இறுக்கமானதாக இருக்கட்டும். பெரிய அலங்காரக் குகையில் குட்டிக்குப் பாதுகாப்புத் தோன்றாது. இடைப்பட்ட வெளியைக் கார்க் மரப்பட்டை, கிளை, செயற்கை இலைகளால் நிரப்புங்கள். இலைக்குக் கீழேயே அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடிய வேண்டும்.

இந்த உயிர் தன் மறைவிடத்தை எவ்வளவு நன்றாக அறியும் என்பதற்கு ஒரு சான்று. 1999இல் டேவிட் ஹோல்ட்ஸ்மனும் அவருடைய குழுவினரும் இளம் சோளப்பாம்புகளை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு வட்டத் திடலில் எட்டுத் துளைகள், அவற்றில் ஒன்று மட்டும் உண்மையான ஒளிவிடத்துக்குப் போகும். குட்டிகள் சில நாட்களிலேயே அந்தத் துளை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டன, முன்னைவிடக் குறைந்த தூரம் ஊர்ந்து விரைவாகப் போய்ச் சேர்ந்தன. பாம்புக்கு மூளையே இல்லை, எங்கே போட்டாலும் கிடக்கும் என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அது தன் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு அடுக்கக் கூடாது. அழுக்கான இடத்தை மட்டும் அகற்றி, பொருள்களை இருந்த இடத்திலேயே வையுங்கள்.

பெட்டியின் அளவைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. குட்டிக்கு 60 சென்டிமீட்டர் நீளப் பெட்டி போதும். மறைவுகள் அடர்ந்திருந்தால் அதை விடப் பெரியதிலும் அது நன்றாக வளரும். வெறுமையாக இருக்கும் பெரிய பெட்டிதான் குட்டியைப் பயமுறுத்தும். ஆனால் இது 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை வளரும் விலங்கு. 2021இல் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உடலை நீட்டிக் கிடக்க இடமுள்ள பெட்டியையும் இடமில்லாத பெட்டியையும் கொடுத்துப் பார்த்தபோது, சோளப்பாம்புகள் பெரியதையே விரும்பின. ஆகவே வளர்ந்த பாம்புக்குக் குறைந்தது 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் என்று இன்றே மனதில் குறித்துவையுங்கள். எந்தப் பெட்டியானாலும் பென்சில் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கதவுக்குப் பூட்டு வேண்டும். வீட்டுக்குள் தப்பிய குட்டி தரைப்பலகைக்குக் கீழே குளிர்ந்து போய்விடும்.

சூட்டோடு ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் 40 முதல் 60 விழுக்காடு போதும். குளிர்காலத்தில் சென்ட்ரல் ஹீட்டிங் காற்றை உலர்த்திவிடும், அதனால் குட்டியின் சட்டை துண்டு துண்டாக உரியும். வாலின் நுனியில் ஒட்டிய தோல் இரத்த ஓட்டத்தை நெரிக்கும், கண்ணின் மேல் ஒட்டிய தோல் பார்வையைக் கெடுக்கும். கண் பால் நிறமாக மாறினால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். அப்போது ஈரமான பாசி இட்ட மூடிய டப்பா ஒன்றை, நுழைய ஓட்டை வெட்டி உள்ளே வையுங்கள். அந்த நாட்களில் பாம்பைத் தூக்க வேண்டாம். தரையில் பரப்ப ஆஸ்பென் மரச்சீவலோ தேங்காய்நார்த் தூளோ நல்லது. சீடார் மரச்சீவல் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு.

வெளிச்சமும் வேண்டும். பகலில் 12 மணி நேரம் ஒளி, இரவில் முழு இருட்டு. சிவப்பு, நீல விளக்குகளை இரவில் எரிய விடாதீர்கள். பாம்புக்குப் புற ஊதாக் கதிர் தேவையில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, புறஊதா பி ஒளி பெற்ற சோளப்பாம்புகளின் இரத்தத்தில் வைட்டமின் டி உயர்ந்ததைக் காட்டியது. வசதியுள்ளவர்கள் வீரியம் குறைந்த புறஊதாக் குழல்விளக்கு ஒன்றைச் சேர்க்கலாம், ஆனால் நிழலுக்கும் போதிய இடம் இருக்க வேண்டும்.

உணவைப் பற்றி உங்கள் பிள்ளைக்கே தெரியும். உறைய வைத்து விற்கும் எலிக்குஞ்சை உருக்கி, இளஞ்சூட்டில், ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். எங்கள் வீடுகளில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி, ஃப்ரீசரில் எலி. மூடியுள்ள தனி டப்பாவில், முடிந்தால் தனிச் சிறு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். எலி வேண்டாம், கோழித் துண்டு கொடுக்கலாம் என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். எலும்பும் ஈரலும் சேர்ந்த முழு எலிதான் அதற்கு முழு உணவு. இரை விழுங்கிய பின் இரண்டு நாள் பாம்பைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில்தான் அது சூடான முனையைத் தேடிப் போகும். உறவினருக்குக் காட்ட வேண்டும் என்று அதை அங்கிருந்து பிடுங்கி எடுப்பது, சோறு உண்ணும் பிள்ளையை இடையில் எழுப்புவதைவிடக் கொடியது. பாம்பைத் தொட்டவர் யாராயினும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், ஊர்வனவற்றில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதைப் பாம்பே சொல்லும், பார்த்துப் பழகுங்கள். எப்போதும் சூடான முனையிலேயே ஒட்டிக் கிடந்தால் பெட்டியின் மற்றப் பகுதி குளிர்ந்திருக்கலாம். எப்போதும் குளிர்ந்த முனையிலோ தண்ணீர்க் கிண்ணத்திலோ கிடந்தால் சூடு மிஞ்சியிருக்கலாம், கிண்ணத்தில் கிடப்பது உண்ணித் தொல்லையாகவும் இருக்கலாம். கக்கினால் அடுத்த இரைக்கு 10 முதல் 14 நாள் பொறுத்து, முன்னதை விடச் சிறியதைக் கொடுங்கள். அதற்குள் சூட்டை அளந்து சரிசெய்யுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, வாயோரம் நுரை வந்தாலோ, மூச்சில் கிறீச்சொலி கேட்டாலோ அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். குளிரில் கிடந்த பாம்புகளுக்கு வரும் நோய் அது. கைமருந்து பார்க்காமல் ஊர்வனவற்றில் அனுபவமுள்ள மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள்.

கோடையை மறக்காதீர்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தத்தான் முடியும், அறையைக் குளிர்விக்க அதனால் முடியாது. ஜன்னலோரமும் கன்சர்வேட்டரியும் அத்தகைய நாளில் பாம்புக்குக் கொலைக்களம். நேர் வெயில் படாத உள்சுவர்தான் ஆண்டு முழுதும் பெட்டிக்கு ஏற்ற இடம். வெப்ப அலை வந்தால் திரைச்சீலையை மூடி, துணியால் சுற்றிய பனிப்போத்தலைப் பெட்டிக்கு வெளியே குளிர்ந்த முனையோடு ஒட்டி வையுங்கள்.

பெற்றோரே, இவ்வளவையும் உங்களிடம் கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று நினைக்கலாம். சட்டமே உங்களிடம்தான் கேட்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்க முடியாது. அந்த வயதுக்குட்பட்ட பிள்ளை வளர்க்கும் விலங்குக்கு, பிள்ளையைப் பராமரிப்பவரே பொறுப்பாளி. முதுகெலும்புள்ள எல்லா வளர்ப்பு விலங்குகளுக்கும் ஏற்ற சூழலும் ஏற்ற உணவும் கொடுக்க வேண்டும், இயல்பாக நடமாட விட வேண்டும், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நாய்க்கு உள்ள அதே உரிமை பென்சில் தடிப்புப் பாம்புக்கும் உண்டு.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. நன்றாக வளர்த்தால் சோளப்பாம்பு 15, 20 ஆண்டுகள் வாழும், அதற்கு மேலும் வாழ்வதுண்டு. இன்று பத்து வயதில் அதைக் கேட்டு வாங்கிய பிள்ளை, எட்டு ஆண்டுகளில் பெட்டி படுக்கையோடு பல்கலைக்கழகம் போய்விடும். விடுதியில் பாம்பு வைக்க இடம் கிடைப்பது அரிது. அன்று அந்தப் பாம்பு உங்கள் பாம்பாகிவிடும். அப்போது தெர்மோஸ்டாட்டைப் பார்ப்பதும் எலியை உருக்குவதும் நீங்கள்தான். அதனால் பிள்ளை சொல்லிக் கொடுக்க இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பயம் மெல்லக் குறையும், குறைவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். குறையாவிட்டாலும் பரவாயில்லை. பயந்துகொண்டே நன்றாகப் பராமரிப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இன்றிரவு பிள்ளையோடு போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கராஜிலோ பாக்ஸ் ரூமிலோ இருந்தால் வீட்டின் உள்சுவருக்கு மாற்றுங்கள். இரு முனைகளிலும் சூட்டை அளந்து எழுதுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் மேட்டைக் கழற்றிவிட்டு, பெட்டியை வீட்டின் கதகதப்பான அறையில் வைத்து, நாளைக்கே தெர்மோஸ்டாட் வாங்குங்கள். அதுவரை இரை கொடுக்க வேண்டாம். இரண்டாவது மறைவிடம் இல்லாவிட்டால் வெற்று அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை வெட்டிக் கவிழ்த்து வைத்தாலும் இப்போதைக்குப் போதும். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. தனக்கு என்ன வேண்டும் என்று குரல் எழுப்ப முடியாத உயிரை வீட்டுக்குள் எடுத்த பின், அதற்கு என்ன வேண்டும் என்று தேடி அறிவது எங்கள் கடமை.

நம்பிக்கையோடும் அன்போடும்,

பாம்பு வளர்க்கும் ஒரு தமிழ்த் தாய்,
லண்டன்